சாவி போட்டும் உயிர் வராத பாக்ஸ்டர்: முதலில் கம்பளத்தை அழுத்திப் பாருங்கள்

போர்ஷே பாக்ஸ்டரின் முதல் தலைமுறை, அதாவது 986, 1996 கடைசியில் வெளிவந்து 2004 வரை தயாரானது. இன்று குறைந்த விலைக்குக் கிடைக்கிற நல்ல ஸ்போர்ட்ஸ் கார்களில் இதுவும் ஒன்று. அதனாலேயே மழையில் நின்றவை, வருடக்கணக்கில் மூடிக் கிடந்தவை எல்லாம் கைமாறுகின்றன. வாங்கிய சில மாதங்களில் ரிமோட் வேலை செய்யாது, நடுராத்திரியில் அலாரம் அலறும், ஒருநாள் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பாது. "இம்மொபிலைசர் போய்விட்டது, புதுசு வாங்க வேண்டும்" என்று பட்டறையில் சொல்லிவிடுவார்கள். அந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். இந்தக் காரில் இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத கட்டுப்பாட்டுப் பெட்டி, தானாகக் கெடுவது அரிது. தண்ணீர்தான் அதைக் கெடுக்கிறது. தண்ணீர் வந்த வழியை அடைக்காமல் புதுப் பெட்டி வாங்கி வைத்தால், அடுத்த மழைக்காலத்தில் அதுவும் போகும்.

இதன் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சாவியின் தலைக்குள் மாத்திரை அளவில் ஒரு சிப் இருக்கிறது. அதற்கு பேட்டரி தேவையில்லை. இக்னிஷன் பூட்டைச் சுற்றியிருக்கும் காயிலில் இருந்தே தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்லும். காயில் அதை இருக்கைக்கு அடியில் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அனுப்பும். "இது நம் சாவிதான்" என்று பெட்டி உறுதிசெய்த பிறகு, பின் டிக்கியின் முன்சுவரில் கம்பளத்துக்குப் பின்னால் இருக்கும் மோட்ரானிக் எஞ்சின் கம்ப்யூட்டருக்கு ஒரு ரகசிய எண்ணைக் கொடுக்கும். அந்த எண் சரியாக இருந்தால்தான் மோட்ரானிக் எஞ்சினை ஓடவிடும். ஆகவே சாவி, பெட்டி, மோட்ரானிக் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றை மட்டும் வேறு காரில் இருந்து கழற்றி மாட்டினால் மற்ற இரண்டும் அதைச் சேர்த்துக்கொள்ளாது.

சாவியில் இருக்கும் ரிமோட் இதில் சேராது. கதவைத் திறந்து பூட்டும் ரிமோட்டுக்குத்தான் சிஆர் 2032 பேட்டரி. அது தீர்ந்தாலும் வண்டி கிளம்ப வேண்டும். கதவைச் சாவியால் திறந்தால் சில நொடிகளுக்குள் இக்னிஷனைப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அலாரம் கத்தும். அந்த நேரத்தில் பதறிப்போய் பேட்டரியைக் கழற்றுகிறவர்கள் உண்டு. தேவையில்லை, சாவியைப் போட்டுத் திருப்பினால் போதும்.

ஒரு சர்க்யூட் போர்டு இத்தனை வேலைகளைச் செய்கிறதா என்று ஆச்சரியமாக இருக்கும். இதே பெட்டிதான் சென்ட்ரல் லாக், அலாரம், உள்விளக்கு, கதவைத் திறக்கும்போது கண்ணாடி ஒரு சென்டிமீட்டர் அளவு இறங்குவது ஆகியவற்றையும் பார்த்துக்கொள்கிறது. அதனால் பெட்டிக்குள் ஈரம் புகுந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது இவைதான். கதவைத் திறக்கும்போது கண்ணாடி இறங்காமல் கூரையின் ரப்பரோடு உரசும். உள்விளக்கு அணையாது. கதவுகள் தாமாகப் பூட்டித் திறக்கும். இரவு நிறுத்திய வண்டியின் பேட்டரி காலையில் செத்திருக்கும். வண்டி நின்றுபோவது பெரும்பாலும் கடைசியாக வரும் அறிகுறி. முதல் மூன்றில் ஒன்று தெரிந்த அன்றே இருக்கையைக் கழற்றியிருந்தால் பல பெட்டிகள் பிழைத்திருக்கும்.

தண்ணீர் எப்படி அங்கே வருகிறது? 986-இன் துணிக்கூரையில் விழும் மழை பின்புறமாக வழிந்து, கூரை மடிந்து உட்காரும் பள்ளத்தில் இறங்கும். அந்தப் பள்ளத்தின் இரண்டு பக்க மூலைகளிலும், கதவுகளுக்குப் பின்னால், ஒவ்வொரு வடிகால் துளை இருக்கிறது. மரத்தடியில் நிற்கும் கார்களில் இலை, பூ, தூசி எல்லாம் சேர்ந்து சகதியாகி இந்தத் துளையை அடைத்துவிடும். அதற்கப்புறம் தண்ணீருக்கு ஒரே வழி இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள கம்பளம்தான். அங்கிருந்து தரையின் மிகத் தாழ்ந்த இடத்துக்கு ஓடும். இடதுபக்க ஸ்டியரிங் கார்களில் அந்தத் தாழ்ந்த இடம் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில்தான், பெட்டியும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது இந்த அருமையான காரின் பெரிய வடிவமைப்புத் தவறு என்றே நான் நினைக்கிறேன்.

வேறு இரண்டு வழிகளும் உண்டு. முன் டிக்கியில் பேட்டரிக்கு அருகே, கண்ணாடிக்குக் கீழே உள்ள வடிகால்கள் அடைபட்டால் தண்ணீர் முன்பக்கமாக உள்ளே வரும். கதவின் உள்பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நீர்த்தடுப்புத் தாளின் பசை வயதாகி விட்டுப்போனால், கதவுக்குள் வழியும் மழைநீர் வெளியேறாமல் காலடிக்கு வரும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, கதவின் அடிவிளிம்பை ஒட்டிய கம்பளம் மட்டும் ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பது. அப்படியிருந்தால் கதவு. இருக்கைக்குப் பின்னால் ஈரமென்றால் கூரை வடிகால்.

கம்பளத்தை மேலோட்டமாகத் தடவிப் பார்த்து "காய்ந்துதான் இருக்கிறது" என்று முடிவுக்கு வராதீர்கள். மேல் துணி காய்ந்திருக்கும், அதற்கு அடியில் உள்ள தடித்த ஃபோம் வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பழைய செய்தித்தாளை நாலாக மடித்து இருக்கைக்கு முன்னும் பின்னும் வைத்து, உடல் எடையைக் கொடுத்து ஒரு நிமிடம் அழுத்துங்கள். தாள் நனைந்தால் சந்தேகமே வேண்டாம்.

அந்த நிலையில் இக்னிஷனைப் போடவே கூடாது. போர்டில் தண்ணீர் மட்டும் இருந்தால் பிழைக்கும். தண்ணீரோடு 12 வோல்ட் மின்சாரமும் இருந்தால் சில மணி நேரத்திலேயே செம்புக் கோடுகளை அரித்துவிடும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுவதுதான் முதல் வேலை. ஆனால் மின்சார இருக்கையாக இருந்தால், கழற்றும் முன்பே இருக்கையை ஒருமுறை முழுக்கப் பின்னாலும் ஒருமுறை முழுக்க முன்னாலும் நகர்த்தி, முன்பக்க இரண்டு போல்ட்டையும் பின்பக்க இரண்டு போல்ட்டையும் தளர்த்திவிடுங்கள். தரை நனைந்த வண்டியில் அந்த நகர்த்தலைக்கூடச் செய்யாமல், இருக்கை இருக்கும் நிலையிலேயே எட்டுகிற போல்ட்டுகளைக் கழற்றப் பார்ப்பது இன்னும் பாதுகாப்பு.

பேட்டரியே செத்துக் கிடந்து, முன் மூடி மின்சாரத்தால் திறக்கும் பிந்தைய வருடக் காராக இருந்தால், ஃபியூஸ் பெட்டியில் இருந்து வெளியே இழுக்கக்கூடிய ஒரு பாசிட்டிவ் முனை இருக்கிறது. அதற்கு வெளி பேட்டரியின் பாசிட்டிவையும், கதவு கொக்கி மாட்டும் இரும்புக்கு நெகட்டிவையும் கொடுத்தால் மூடியைத் திறக்கலாம். மூடி திறக்க மட்டுமே அது. அந்த முனை வழியாக வண்டியைக் கிளப்ப முயன்றால் வயர் எரியும்.

இருக்கையை நாலு போல்ட் பிடித்திருக்கிறது. சாதாரண ஸ்பானர் பொருந்தாது, இ12 டார்க்ஸ் சாக்கெட் வேண்டும். அடியில் உள்ள கனெக்டர்களைக் கழற்றியபின் இருக்கையைத் தூக்கி வெளியே எடுங்கள். ஒரு எச்சரிக்கை: சீட் பெல்ட் கொக்கியின் கனெக்டர் கழன்று கிடக்கும்போது இக்னிஷனைப் போட்டால் ஏர்பேக் விளக்கு எரிந்து நிலைத்துவிடும். அதை அழிக்க, காரின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுகளைப் படிக்கும் ஸ்கேனர் தேவைப்படும்.

பெட்டி கையில் வந்ததும் முதலில் கனெக்டர் பக்கத்தைப் பாருங்கள். பச்சை நிறத்தில் உப்புப் பூத்தது போலப் பின்களின் அடியில் ஒட்டியிருந்தால் தண்ணீர் உள்ளே பலமுறை போய்வந்திருக்கிறது என்று அர்த்தம். மூடியைத் திறந்து போர்டை வெளியே எடுங்கள். வெறும் ஈரம் மட்டும் என்றால் காய்ச்சி வடித்த நீரால் ஒருமுறை கழுவி, பின்பு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நனைத்த மென்மையான பல்துலக்கியால் கனெக்டர் கால்களையும் சிப்களின் கால்களையும் தேய்த்துச் சுத்தம் செய்து, 50 டிகிரியில் சில மணி நேரம் காயவைக்க வேண்டும். அரிசிக்குள் புதைத்து வைப்பதில் எந்தப் பலனும் இல்லை. அது ஈரத்தைக்கூட சரியாக இழுக்காது, உப்பைத் தொடவே தொடாது. கெடுதலைச் செய்வது அந்த உப்புதான்.

இந்தக் கட்டத்தில், சுத்தம் செய்த போர்டை உடனே மாட்டிச் சோதிக்க ஆசை வரும். அதற்கு முன் ஒரு வேலையை முடித்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். போர்டில் எட்டுக் கால் உள்ள ஒரு சின்ன ஈப்ராம் சிப் இருக்கிறது. சாவிகளின் அடையாளம், ரிமோட்டுகளின் பதிவு, மோட்ரானிக்கோடு பேசும் ரகசிய எண் எல்லாம் அதற்குள்தான். மற்ற எந்த உறுப்பு போனாலும் இன்னொரு போர்டில் இருந்து கிடைக்கும். அந்தச் சிப்பில் உள்ள எழுத்து போனால் திரும்ப வராது.

சிப்பை போர்டில் இருக்கும்போதே கிளிப் மாட்டிப் படிக்க முயல்வது பெரும்பாலும் தவறான தரவைத் தரும். கிளிப் கொடுக்கும் மின்சாரம் பக்கத்தில் உள்ள பிராசஸரையும் எழுப்பிவிடும், அதுவும் அதே கோடுகளில் பேச ஆரம்பிக்கும். இரண்டு பக்கக் கால்களிலும் குறைந்த வெப்பத்தில் உருகும் சால்டரைப் பூசி, சிப்பை மெதுவாகத் தூக்கி எடுத்து, புரோகிராமரில் வைத்து மூன்றுமுறை தனித்தனியாகப் படியுங்கள். மூன்று கோப்பும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் மாறினாலும் கால்களைச் சுத்தம் செய்து மறுபடி. முழுக்க எஃப் எஃப் என்றோ முழுக்கச் சுழியம் என்றோ வந்தால் அது படிக்கப்படவில்லை என்று பொருள், காலி என்று நினைத்துவிடாதீர்கள். கிடைத்த கோப்பை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். சால்டரிங் கை பழகாதவர்கள் இதைச் செய்யவேண்டாம். கார் சாவி புரோகிராம் செய்பவர்களிடம் அல்லது செல்போன் போர்டு வேலை செய்யும் நல்ல கைகாரரிடம் கொடுங்கள். அரைமணி நேர வேலை.

கோப்பு பத்திரமாக இருந்தால் மீதி எல்லாம் நிதானமாகச் செய்யலாம். போர்டில் அரித்துப்போன கோடுகளை மல்டிமீட்டரின் பீப் சோதனையில் ஒவ்வொன்றாகப் பார்த்து, அறுந்த இடத்தில் மெல்லிய எனாமல் வயர் போட்டுச் சேர்க்கலாம். இரண்டு பக்கத்தையும் இணைக்கும் நுண்துளைகளில்தான் அரிப்பு ஒளிந்திருக்கும், மேலே பார்க்க நன்றாகவே தெரியும். போர்டு மீளாத நிலை என்றால், பழைய கார் உடைப்பவர்களிடம் அதே உதிரிபாக எண்ணும் அதே கடைசி இலக்கங்களும் உள்ள இன்னொரு பெட்டியை வாங்கி, உங்கள் சிப்பை அதில் மாற்றி வைத்தால் காருக்கு அது பழைய பெட்டிதான். சாவியும் ரிமோட்டும் அப்படியே வேலை செய்யும். அலாரம் உள்ள வகை, இல்லாத வகை என்று இரண்டு உண்டு. மாறிப்போகாமல் லேபிளைப் பாருங்கள்.

சிப்பும் போய்விட்டதென்றால் வழி கொஞ்சம் செலவானது. புதுப் பெட்டி வாங்கி, உரிமை ஆவணத்தைக் காட்டி, போர்ஷேயின் பதிவில் இருந்து அந்தக் காருக்கான குறியீடுகளைப் பெற்று, டீலரின் கருவியில் பதிய வேண்டும். அப்போது உங்களிடம் இருக்கும் எல்லாச் சாவிகளையும் கொண்டுபோங்கள். விட்டுப்போன சாவியைப் பிறகு சேர்க்க மறுபடி அதே வேலை. உடைப்பவர்கள் சாவி, பெட்டி, மோட்ரானிக் மூன்றையும் ஒரே காரில் இருந்து சேர்த்து விற்பார்கள். எஞ்சின் அளவும் மோட்ரானிக் வகையும் ஒன்றானால் அதுவும் ஓடும். ஆனால் கதவுக்கு ஒரு சாவி, இக்னிஷனுக்கு ஒரு சாவி என்று ஆகிவிடும்.

மோட்ரானிக்கின் மென்பொருளில் இம்மொபிலைசரையே நீக்கித் தருகிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். பந்தயத் தளத்தில் மட்டும் ஓடும் காருக்கு அதில் தவறில்லை. சாலையில் ஓடும் காருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். ஐரோப்பாவில் 95/56/இசி ஆணைப்படி 1998 அக்டோபர் முதல் புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம். அது இல்லாத காரைத் திருட்டுக் கொடுத்தால் காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்கும். அதைவிட, தண்ணீர் அப்படியே இருக்க, அலாரமும் கண்ணாடியும் பூட்டும் தொடர்ந்து கெட்டுக்கொண்டே இருக்கும்.

இத்தனையும் பெட்டி நனைந்த கார்களுக்கு. தரை நன்றாகக் காய்ந்திருக்கிறது, கண்ணாடி ஒழுங்காக இறங்குகிறது, வண்டி மட்டும் கிளம்பவில்லை என்றால் பழி இம்மொபிலைசர் மீது போகவேண்டியதில்லை. அடுத்த சாவியைப் போட்டுப் பாருங்கள். ஒரே வளையத்தில் இரண்டு சிப் சாவிகள் மாட்டியிருந்தால் காயில் குழம்பும், ஒன்றைக் கழற்றிவிட்டு முயலுங்கள். சாவியின் உறை உடைந்து புது உறை மாற்றியிருந்தால், பழைய உறைக்குள் சிப் மாத்திரை தங்கிவிட்டதா என்று தேடுங்கள். குப்பைக்குப் போன பழைய உறையோடு சிப்பும் போன கதைகள் ஏராளம்.

பிறகு பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் இருக்கவேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் கம்ப்யூட்டர்கள் தடுமாறி இம்மொபிலைசர் பழுது போலவே காட்டும். பேட்டரி நன்றாக இருந்தும் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றினால், ஆல்டர்னேட்டரையும் ஸ்டார்ட்டரையும் இணைக்கும் தடித்த கேபிளின் முனைகள் உள்ளே அரித்திருக்கலாம். பேட்டரி பாசிட்டிவுக்கும் ஸ்டார்ட்டரின் போல்ட்டுக்கும் இடையே மீட்டர் வைத்து, ஸ்டார்ட் செய்யும்போது அளந்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது.

சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்கவில்லை, சாவியை எடுத்தபிறகும் ரேடியோ ஓடுகிறது, பூட்டு தொளதொளவென்று இருக்கிறது என்றால் இக்னிஷன் சுவிட்சின் மின்பகுதி தேய்ந்திருக்கிறது. போர்ஷே பெட்டியில் வாங்கவேண்டாம். ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களுக்கு வரும் 4ஏ0 905 849 பி என்ற அதே உறுப்புதான் இதற்கும். ஸ்டியரிங் பக்கத்து ஏர் வென்ட்டைக் கழற்றினால், பெயின்ட் சொட்டு வைத்துப் பூட்டிய இரண்டு சின்னத் திருகுகள் தெரியும். அவற்றைத் தளர்த்திப் பின்னால் இழுத்தால் வந்துவிடும். அமெரிக்கக் கார்களில் கிளட்ச் மிதியின் சுவிட்சையும் பார்க்கவேண்டும். மிதியை முழுக்க அழுத்தாவிட்டால் ஸ்டார்ட்டர் அசையாது.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றி எஞ்சின் பிடிக்காமல், அதுவும் எஞ்சின் சூடாக இருக்கும்போது மட்டும் அப்படியாகி, ஆறியதும் கிளம்பினால் அது எஞ்சின் சுற்றுவதை மோட்ரானிக்குக்குச் சொல்லும் கிராங்க் சென்சார். இம்மொபிலைசருக்கு எஞ்சின் சூடு தெரியாது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமும் அசையாமல் கிடப்பது கூடுதல் சாட்சி. ஸ்கேனரில் மோட்ரானிக்கில் பி1570 என்ற பழுதுக் குறியீடு பதிவாகியிருந்தால்தான் இம்மொபிலைசர் பக்கம் திரும்பலாம். டியூராமெட்ரிக் போன்ற போர்ஷேக்கான கருவி இருந்தால் இன்னும் தெளிவு: மோட்ரானிக் பேசுகிறது, அலாரம் பெட்டி மட்டும் பதிலே தரவில்லை என்றால் பெட்டிக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது பெட்டி செத்திருக்கிறது. ஃபியூஸைப் பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள்.

திரும்ப மாட்டும் முன் கம்பளத்தைத் தூக்கி, அடி ஃபோம் முழுக்கக் காயும்வரை விசிறி வையுங்கள். மூன்று நாலு நாள் ஆகும், அவசரப்பட்டால் பலனில்லை. கூரையை ஒரு அடி திறந்து, பள்ளத்து மூலைகளில் உள்ள சகதியைக் கையாலும் வேக்குவத்தாலும் எடுங்கள். கம்பியை வைத்துக் குத்துவதோ கம்ப்ரெசர் காற்றை அடிப்பதோ வேண்டாம். குழாய் உள்ளுக்குள் கழன்றுபோனால் இனி வரும் தண்ணீர் முழுக்கக் காருக்குள்ளேயே ஊற்றும். மெல்லிய பிளாஸ்டிக் குழாய் அல்லது பழைய ஸ்பீடோமீட்டர் கேபிளின் மென்மையான முனை போதும். பிறகு ஒவ்வொரு பக்கமும் அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் அது தங்குதடையின்றி விழவேண்டும்.

போர்டுக்கு அக்ரிலிக் பூச்சு ஒரு அடுக்கு அடிக்கலாம், கனெக்டர் பின்களை மறைத்துக்கொண்டு. பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டுகிறவர்களைப் பார்த்து அப்படிச் செய்யாதீர்கள். உள்ளே வியர்த்து நிற்கும் ஈரம் வெளியேறாது. அதற்குப் பதில் வயர் நீளம் அனுமதிக்கும் அளவுக்கு, ஓரிரு சென்டிமீட்டர் உயரமான ரப்பர்க் கட்டைகளின் மேல் வைத்து, தண்ணீர் தேங்கினாலும் தொடாதபடி செய்யுங்கள்.

இருக்கையை உள்ளே வைத்ததும் போல்ட்டுகளை முறுக்காமல் கனெக்டர்களை மட்டும் மாட்டி, அதன்பின் பேட்டரியைச் சேர்த்து, எல்லாவற்றையும் ஒருமுறை சோதியுங்கள்: இரண்டு சாவியும், ரிமோட்டும், கண்ணாடி இறங்குவதும், உள்விளக்கு அணைவதும். பூட்டும்போது ஹார்ன் ஒருமுறை சத்தம் கொடுத்தால் ஏதோ ஒரு மூடி சரியாக மூடவில்லை, பெரும்பாலும் நடுவில் உள்ள பெட்டியின் மூடி. வண்டியைப் பூட்டிவிட்டு அரை மணி நேரம் பொறுத்து, உறங்கும் கார் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று அளந்து பாருங்கள். ஃபியூஸ்களைப் பிடுங்கினால் கம்ப்யூட்டர்கள் விழித்துக்கொள்ளும், ஆகவே ஃபியூஸின் முதுகில் தெரியும் இரண்டு புள்ளிகளில் மில்லிவோல்ட் பாருங்கள், அல்லது கிளாம்ப் மீட்டர் வையுங்கள். மொத்தம் 50 மில்லி ஆம்பியருக்குள் வந்துவிட்டால் பெட்டி தூங்குகிறது. அதன்பிறகு இருக்கையின் நாலு போல்ட்டையும் 65 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். வடிகால்களை ஆண்டுக்கு இருமுறை பாருங்கள், இலையுதிர்காலத்துக்குப் பிறகு ஒருமுறையாவது தவறாமல்.